விதியும் வடிகாலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருத்துறைப்பூண்டி பகுதியிலிருந்து ஒரு வாசகர்): மதிப்பிற்குரிய ஐயா, எங்களுக்குக் கடைமடையில், அதாவது வாய்க்கால் பாசனத்தின் கடைசிப் பகுதியில், பதினைந்து மா (ஏறத்தாழ ஐந்து ஏக்கர்) நிலம் இருக்கிறது. எனக்கு வயது 27. டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பினேன். வந்த பிறகு வைத்த மூன்று சம்பாவில் இரண்டு மழையில் போய்விட்டன. "நம் தலையெழுத்து அவ்வளவுதான், நீ வேலைக்கே திரும்பிவிடு" என்கிறார் அப்பா. உனக்கு மண் ராசியில்லை என்கிறார்கள் உறவினர்கள். நிலத்தை விட எனக்கு மனமில்லை. தலையெழுத்தை மீறி உழைத்து முன்னுக்கு வர முடியுமா?

பதில்: உங்கள் தந்தையார் சோம்பலில் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் முழுவதும் வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துப் பயிர் வைத்தவர், தாம் பட்ட பாட்டை மகனும் படக்கூடாது என்னும் பாசத்தில் சொல்கிறார். ஆகையால் அவரிடம் வாதாட வேண்டாம். ஆனால் "ராசியில்லை" என்னும் உறவினர்களின் தீர்ப்பை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ளாமல் ஆராய்ந்து பாருங்கள்.

நம் காவிரிப் படுகையின் வெள்ளாமை இரண்டு மழைகளை நம்பியிருக்கிறது. குறுவைக்கான தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் மேட்டூருக்கு வந்து சேர்கிறது. சம்பாவின் தலைவிதியோ நம் தலைமேலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் உரிய நாளில் திறந்தார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அதேபோல 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தப்பிப் பெய்த மழையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தது. குருபலம் உள்ளவன், இல்லாதவன் என்று அந்த மழை பார்த்துப் பெய்யவில்லை. நான்கு மாவட்டத்துக்கும் சேர்ந்து நேர்ந்ததை ஒரு தனி மனிதனின் ராசிக் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

எனவே அணை திறக்கும் தேதியும் மழை பெய்யும் நாளும் உங்கள் கையில் இல்லை என்று முதலில் மனத்தார ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, அதே ஊரில், அதே மழையில், யாருக்கு எவ்வளவு போயிற்று, யாருக்கு எவ்வளவு தப்பிற்று என்று பாருங்கள். மழை விட்ட மூன்றாம் நாள் கடைமடை ஊர்களில் வரப்பில் நடந்து பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். ஒரு வயலில் பயிர் படுத்து, தண்ணீர் நின்று, மணிகள் கதிரிலேயே வெள்ளையாக முளைவிட்டிருக்கும். இரண்டு வரப்பு தள்ளி இன்னொரு வயலில் பயிர் சாய்ந்திருந்தாலும் தண்ணீர் வடிந்து, அறுவடை இயந்திரத்தை இறக்கும் அளவுக்குத் தரை இறுகத் தொடங்கியிருக்கும். முதல் வயலின் தண்ணீர் போகிற வழியே சென்று பார்த்தால், வடிகால் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும். அதற்கு அப்பால் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக மண்டியிருக்கும். அல்லது வண்டிப் பாதைக்குக் குறுக்கே யாரோ போட்ட சிறிய குழாய் ஒன்று, ஊர்த் தண்ணீர் முழுவதையும் விட முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். மழை விதி என்றால் இருக்கட்டும். அந்தக் குழாயை மனிதர்தான் போட்டார்கள். மனிதர்தான் மாற்ற வேண்டும்.

கோடையில் ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் தூர்வாரப்படுகின்றன. வயலை ஒட்டிய சி, டி பிரிவு வாய்க்கால்களும் வடிகால்களும்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. வைகாசியிலேயே உங்கள் வடிகாலைப் பயன்படுத்தும் எல்லோரும் சேர்ந்து எழுத்தில் மனுக் கொடுங்கள். நடக்காவிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து நீங்களே வெட்டிவிடுங்கள். ஊரைக் கூட்டுவது வயல் வேலையைவிடக் கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், தனி ஒருவரின் உழைப்பால் தீராத துன்பம் இது என்பதால் வேறு வழி கிடையாது.

அடுத்தது ரகமும் நாளும். பதினைந்து மாவிலும் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் விதைத்தால், ஒரே மழை அத்தனையையும் கொண்டுபோய்விடும். நீண்ட கால ரகத்தை ஒரு பகுதியிலும், மத்திய கால ரகத்தை ஒரு பகுதியிலும் வைத்து, அறுவடை நாள்கள் தள்ளித்தள்ளி வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். பள்ளக்கால் வயலுக்குச் சி.ஆர். 1009 சப்-1 போன்ற, நீரில் மூழ்கினாலும் தாங்கக்கூடிய ரகத்தை வேளாண் அலுவலர்கள் பரிந்துரைக்கிறார்கள். இளம் பயிராக இருக்கும்போது ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் அது மீண்டு வரும். கதிர் முற்றிய பிறகு பெய்யும் தை மாத மழையில் சாய்வதை அதனாலும் தடுக்க முடியாது. அதற்காகத்தான் நாள்களைப் பிரிக்கச் சொல்கிறேன். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரம் காயாத வயலில் உளுந்து தெளிக்கும் நம் பழைய வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். நெல்லில் விட்டதில் ஒரு பங்கை அது ஈடுகட்டும்.

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் ஆகியவற்றுடன் கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாளாக இருக்கும். அதுவரை காத்திருக்காமல் ஐப்பசித் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். இதில் ஒன்றை முன்பே புரிந்துகொள்வது நல்லது. இழப்பீடு பொதுவாக உங்கள் ஒரு வயலைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். இது தெரியாமல் பதிந்துவிட்டுப் பிறகு ஏமாந்தவர்கள் பலர். அவர்களும் "நம் ராசி" என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

வேலைக்குத் திரும்புவதா, நிலத்திலேயே இருப்பதா என்ற கேள்விக்கு இன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. டிப்ளமோ படித்த கைக்கு ஊரிலும் வேலை இருக்கிறது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பருவத்தில் பழுதாகி நின்றால், சரிசெய்ய ஆள் கிடைக்காமல் ஊரே தவிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொழிலையும் வயலையும் சேர்த்து நடத்தி, செலவு வரவை நாள்தோறும் எழுதிவைத்து, இன்னும் இரண்டு சம்பா பாருங்கள். வடிகால், ரகம், காப்பீடு மூன்றையும் சரிசெய்த பிறகும் கணக்கு நட்டத்திலேயே நின்றால், நிலத்தை நம்பிக்கையான ஒருவரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. தந்தையாரிடமும் இதையே ஒரு கெடுவாகச் சொல்லுங்கள். கெடு வைத்துப் பேசும் மகனைப் பெரியவர்கள் நம்புவார்கள்.

கேள்வி (பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி): ஐயா, நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள், வயது 26. பல ஆண்டுகளாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். சென்ற முறை சில மதிப்பெண்களில் வாய்ப்புப் போயிற்று. இருபத்தெட்டு வயதுக்கு மேல்தான் அரசு வேலை யோகம் என்று எங்கள் குடும்பச் சோதிடர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோரும் பொறுத்திரு என்கிறார்கள். என்னுடன் படித்த, என்னைவிடக் குறைவாகப் படித்த ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. உழைப்புக்கு மதிப்பில்லையா? யோகம் வரும்வரை காத்திருப்பதா?

பதில்: அம்மா, சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்ததன் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வலி வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே, அதிர்ஷ்டம் இந்தத் தேர்வில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கணிதம் படித்த உங்களுக்குக் கணக்காகவே காட்டுகிறேன்.

2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. இருந்தாலும் போட்டியின் அளவு உங்களுக்குப் புரியும். வினாத்தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், தெரியாத கேள்விக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிட்டே வருகிறார்கள். ஒரே அளவு படித்த இரண்டு பேருக்கு இருபது கேள்விகள் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஐந்து சரியாக வரும். ஆனால் ஒருவருக்கு எட்டு சரியாகலாம். மற்றவருக்கு இரண்டோடு நின்றுவிடலாம். ஆறு கேள்வி வித்தியாசம் என்பது ஒன்பது மதிப்பெண். இவ்வளவு பேர் நெருக்கியடித்து நிற்கும் பட்டியலில் ஒன்பது மதிப்பெண்ணுக்குள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தோழிக்கு வேலை கிடைத்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கு இருந்திருக்கலாம். அதனால் அவர் உழைக்கவில்லை என்றோ, உங்கள் உழைப்புக்கு மதிப்பில்லை என்றோ ஆகிவிடாது. அந்த எல்லைக்கோட்டின் அருகே கொண்டுவந்து நிறுத்தியது உங்கள் உழைப்புதான். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைச் சிறிய தற்செயல்கள் முடிவு செய்துவிட்டன. அப்படியானால் செய்ய வேண்டியது, தற்செயலுக்கு விடும் கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்த்து, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் காரணத்தைக் குறியுங்கள்: படிக்காத பகுதியா, படித்தும் மறந்ததா, தெரிந்தும் அவசரத்தில் தவறியதா என்று. மூன்றுக்கும் மருந்து வேறு. தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகள் இருக்கின்றன. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதியையே திருத்த மாட்டார்கள் என்பதால் பலர் அதைத் தகுதிக்கான பகுதியாக மட்டும் நினைத்துவிடுகிறார்கள். தரவரிசைக்கும் அந்த மதிப்பெண் சேர்வதால், எல்லைக்கோட்டில் நிற்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அங்கேதான் லாபம் அதிகம்.

சோதிடர் சொன்னதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சோதிடத்தை இகழ்கிறவன் இல்லை. குடும்பத்துக்கு ஆறுதல் தருகிற ஒன்றை நான் ஏன் பறிக்க வேண்டும்? ஆனால் "இருபத்தெட்டுக்கு மேல்" என்னும் சொல், இருபத்தாறிலும் இருபத்தேழிலும் எழுதும் தேர்வுகளை முன்கூட்டியே தோற்கடித்துவிடுகிறது. எப்படியும் இப்போது வராது என்று மனம் முடிவு செய்துவிட்டால், பாடம் கண்ணில் படும், நெஞ்சில் ஏறாது. சோதிடர் சொன்னது நல்ல வாக்கு என்றே வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளையும் வருமானத்தோடு கழியுங்கள். கணிதப் பட்டதாரிக்குத் தனிப்பயிற்சி எடுக்கப் பிள்ளைகள் கிடைப்பார்கள். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு வேலை பழகலாம். குரூப் 2, வங்கித் தேர்வுகள், ரயில்வே ஆகியவற்றில் பாடத்தின் ஒரு பகுதி இதுவேதான். ஒரே வாசலில் நின்று தட்டிக்கொண்டிருப்பவரைவிட நான்கு வாசலில் பெயர் கொடுத்தவருக்கு அதிர்ஷ்டம் வர வழி அதிகம். எத்தனையாவது தேர்வோடு முழுநேரப் படிப்பை நிறுத்துவது என்பதையும் இப்போதே, மனம் தெளிவாக இருக்கும்போதே, வீட்டாருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு வெளியான அன்று அழுதுகொண்டே எடுக்கும் தீர்மானம் சரியாக இருக்காது.

கேள்வி (நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு வாசகர்): குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறேன், மூன்று தலைமுறைத் தொழில். ஏழரைச் சனி தொடங்கியதிலிருந்து தொழில் படுத்துவிட்டது. ஆர்டர் வந்தாலும் பணம் நிற்பதில்லை. திருநள்ளாறு போய் வந்தேன். ஏடு பார்த்ததில், பட்டறையை இடம் மாற்றிப் பெரிய பரிகாரம் செய்யச் சொன்னார்கள். அதற்கு அறுபதாயிரம் ஆகும். வட்டிக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வட்டிக்கு வாங்கிப் பரிகாரம் செய்யச் சொல்லி எந்தத் தெய்வமும் கேட்பதில்லை.

திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் குளித்துத் தர்ப்பாரண்யேசுவரரையும் சனீசுவரரையும் வணங்கி வந்தீர்கள், நல்லது. மனச்சுமை ஓரளவு இறங்கியிருக்கும். இனி ஏழரைச் சனியைச் சோதிடத்தின் கணக்கைக் கொண்டே பார்ப்போம். சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இருந்து, பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. ஜன்ம ராசிக்கும் அதன் முன்னும் பின்னும் உள்ள ராசிகளுக்கும் சேர்த்து ஏழரை. ஆகவே எந்த நாளில் எடுத்துக்கொண்டாலும், பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்கள், அதாவது நான்கு பேரில் ஒருவர், ஏழரைச் சனியில்தான் இருப்பார்கள். சனி நான்கு, ஏழு, எட்டாம் இடங்களில் இருக்கும் அர்த்தாஷ்டமம், கண்டகம், அஷ்டமம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆறு ராசிகள் ஆகிவிடும். மக்களில் பாதிப் பேர். உங்கள் தெருவில் நன்றாக ஓடும் பட்டறைக்காரர்களின் ராசியையும் விசாரித்துப் பாருங்கள். ஏழரையில் இருப்பவர் ஒருவராவது அவர்களிலும் இருக்கக்கூடும்.

ஆர்டர் வருகிறது, பணம் நிற்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். வண்டல் மண்ணில் அச்சுப் பதித்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியதைக் கடைசலில் பிடித்து இழைத்து, அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று நான்கு பாகங்களையும் மரை போட்டுத் திருகி நிறுத்தினால், ஒரு மயிரிழை சாயாமல் விளக்கு நிமிர்ந்து நிற்கும். அவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் கைகள், பித்தளை என்ன விலைக்கு வாங்கினோம், இழைத்ததில் சேதாரம் எவ்வளவு, கரியும் கூலியும் எவ்வளவு, யாரிடம் எத்தனை மாதப் பாக்கி நிற்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைப்பதில்லை. ஆர்டர் எடுத்த நாளின் பித்தளை விலைக்கு விளக்கின் விலையைப் பேசிவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஏறிய விலைக்குப் பித்தளை வாங்கினால் பணம் எப்படி நிற்கும்? முன்பணம் வாங்கிய அன்றே அந்த ஆர்டருக்கான உலோகத்தை வாங்கிவிடுங்கள். அல்லது உலோக விலை ஏறினால் விளக்கு விலையும் ஏறும் என்று எழுதி வாங்குங்கள்.

பாக்கிக்கும் வழி இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் என்னும் அரசுப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் செய்துவிடலாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும். பழகிய கடைக்காரர்மேல் புகார் கொடுக்க உங்களுக்கு மனம் வராது. அது எனக்குப் புரிகிறது. பில்லின் அடியில் பதிவு எண்ணையும் கெடு நாளையும் அச்சிட்டாலே பலர் பணத்தை அனுப்பிவிடுவார்கள். இந்த அறுபதாயிரத்தைப் பரிகாரத்துக்குச் செலவிடுவதற்கு முன், நிற்கும் பாக்கியைக் கூட்டிப் பாருங்கள். அதில் பலமடங்கு வெளியில் இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டறையை இடம் மாற்ற வேண்டாம். மூன்று தலைமுறையாக வாடிக்கையாளர் தேடி வரும் இடம் அது.

கேள்வி (கூத்தாநல்லூரிலிருந்து ஒரு வாசகர்): வளைகுடாவிலிருந்து திரும்பி ஒரு வருடம் ஆகிறது. கேரள லாட்டரிச் சீட்டை வாட்ஸ்அப் வழியாக ஒருவர் வாங்கித் தருகிறார். அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்ப்பதில் தவறு உண்டா?

பதில்: தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கேரளத்தில் அரசே 1967 முதல் நடத்துகிறது என்பது உண்மைதான். அதை இங்கே ஒளித்து விற்பது குற்றம். மேலும் உங்கள் கைபேசிக்கு வருவது சீட்டின் படம் மட்டுமே. அசல் சீட்டு எவரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் பரிசு. வளைகுடா வெயிலில் சேர்த்த பணத்தை இப்படி ஒரு படத்துக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் அங்கே என்ன தொழில் செய்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்; அதைக்கொண்டு இங்கே என்ன செய்யலாம் என்று விரிவாகப் பேசுவோம்.

கேள்வி (பேராவூரணி பகுதியிலிருந்து ஒரு வாசகி): ஐயா, கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் விழுந்துவிட்டது. கடன் கட்ட வழியில்லாமல் என் கணவர் அந்த நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு சிற்றுண்டிக் கடை வைத்தார். பக்கத்துத் தோப்புக்காரர் அன்றே மறுபடி கன்று வைத்தார். இப்போது அவருடைய மரங்கள் காய்க்கின்றன, நிலமும் விலை ஏறிவிட்டது. "அன்று விதி என் புத்தியை மறைத்துவிட்டது" என்று சொல்லிச் சொல்லி என் கணவர் சில மாதங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை; கடையையும் சரியாகத் திறப்பதில்லை. அவருக்கு நான் என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: சகோதரி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, செய்யும் தொழிலில் மனம் செல்லாமல் இருப்பது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயங்கினால் 14416 என்னும் கட்டணமில்லாத எண்ணில் தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அவரிடம் பேச வேண்டியது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு அவரை மறுபடி அழைத்துச் செல்லுங்கள். அன்று அவருக்குத் தெரிந்திருந்தவை எவை? காய்க்கிற மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. அவற்றை அறுத்து அப்புறப்படுத்தவே பெரும் செலவு. மின்கம்பங்கள் விழுந்து ஊர் இருட்டில் கிடந்தது. நாட்டுத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். குட்டை ரகமானாலும் மூன்று நான்கு ஆண்டுகள். அதுவரை கடன் தவணை காத்திருக்காது, அடுப்பும் காத்திருக்காது. இவ்வளவும் தெரிந்த ஒருவர், குடும்பம் கடனில் மூழ்காமல் இருக்க நிலத்தை விற்றார். நிலத்தின் விலை பிறகு இவ்வளவு ஏறும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை அறிந்திருக்கவில்லை என்பதற்காக ஒரு மனிதர் தம்மைத் தாமே தண்டிப்பது முறையில்லை. அன்று எடுத்த முடிவை அன்று கையில் இருந்த விவரங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பக்கத்துத் தோப்புக்காரரைக் குறைத்துச் சொல்லவும் தேவையில்லை. அவர் துணிந்தார்; காத்திருந்தார். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருப்பதற்கு வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளையோ, வேறு வயலோ, கடனில்லாத கணக்கோ அவருக்கு இருந்திருக்கலாம். காத்திருக்க முடிவதே பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியம் அன்று உங்கள் வீட்டில் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு. உங்கள் கணவருக்குப் புத்தியில் குறை எதுவும் இல்லை.

விதி என்னும் சொல்லை நம் பெரியவர்கள் துக்க வீட்டில்தான் அதிகம் சொன்னார்கள். நடந்து முடிந்ததை ஏற்றுக்கொண்டு எழுந்து நடக்க அது உதவியது. உங்கள் கணவரும் அந்தப் புயலுக்கு மட்டும் அதைச் சொல்லட்டும். நாளைக் காலை கடையைத் திறக்கும் நேரத்துக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவர வேண்டாம். கடையை நடத்துவதில் நீங்களும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அவர் தேறும்வரை காலை வியாபாரத்தை மட்டுமாவது விடாமல் நடத்தினால் வாடிக்கை கலையாது. மறுபடி கொஞ்சம் நிலம் வாங்கித் தென்னை வைக்கும் ஆசை அவருக்கு இருந்தால் தடுக்காதீர்கள். மரம் விழுந்தால் இழப்பீடு கிடைக்கும் தென்னைக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் விசாரித்து, மரங்கள் காப்பீட்டுக்குரிய வயதை அடைந்ததும் இந்த முறை அதில் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்): என் மகனுக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்திருக்கிறது. சேர வேண்டிய நாள் திங்கட்கிழமை, அஷ்டமி. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் ஏழரையிலிருந்து ராகுகாலம் வேறு. நாளை மாற்றிக் கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். முதல் வேலையில் முதல் நாளையே தள்ளிக் கேட்பவரைப் பற்றி அலுவலகத்தார் என்ன நினைப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் வழக்கத்திலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறது. பயணம் செய்யும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல வேளையில் பெட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டு, போக வேண்டிய நாளில் போவார்கள். நல்ல நேரத்தையும் மதித்தார்கள், வேலையையும் நிறுத்தவில்லை. முந்தைய வாரத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து மாயூரநாதர் கோயிலில் அர்ச்சனை செய்து, பெட்டியைப் பரஸ்தானம் வைத்து, சனிக்கிழமையே சென்னைக்கு அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை தங்குமிடத்திலிருந்து அலுவலகம் வரை போய்ப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்ளட்டும். திங்களன்று ஏழரைக்கு முன்பே அறையிலிருந்து புறப்பட்டால் ராகுகாலக் கவலையும் இல்லை, நெரிசலில் தாமதமாகும் அச்சமும் இல்லை. அசல் சான்றிதழ்களையும் அவற்றின் இரண்டு பிரதிகளையும் முதல் நாள் இரவே எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.